பாட்டைப் பகிரும் முன் உரிமையை எழுதிவையுங்கள்

புதிதாகத் தொடங்கும் ஓர் இசைக்குழு இன்று சினிமா வாய்ப்புக்கோ கேசட் கம்பெனியின் தயவுக்கோ காத்திருக்க வேண்டியதில்லை. பாட்டைப் பதிவு செய்து யூடியூப்பில் ஏற்றி, அதிலிருந்து 30 விநாடியை இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் விட்டால், முன்பின் தெரியாத ஊர்களிலும் ரசிகர்கள் கிடைக்கிறார்கள். இது இளம் கலைஞர்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை. ஆனால், ஒரு பாட்டு பரவுவதாலேயே அது உங்கள் கையில் இருக்கிறது என்று ஆகிவிடாது. யார் வரி எழுதினார், யார் மெட்டுப் போட்டார், பதிவுக்கு யார் செலவழித்தார், வருமானத்தில் யாருக்கு என்ன பங்கு என்பதை எழுதிக் கையெழுத்திடுவதுதான் விளம்பர வேலையின் முதல் படி. போஸ்டரும் டீசரும் அதற்குப் பிறகுதான்.

‘எஞ்சாய் எஞ்சாமி’யை எண்ணிப் பாருங்கள். 2021 மார்ச்சில் யூடியூப்பில் வெளியான அந்தச் சுயாதீனப் பாடலைக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். 2022இல் செஸ் ஒலிம்பியாட் மேடையில் அது ஒலித்தபோது, அதன் ஆக்கத்தில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற கேள்வி பொதுவெளியில் வெடித்தது. அதில் பங்காற்றிய கலைஞர்களான அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் மூவருமே சமூக வலைதளங்களில் விளக்கம் சொல்ல நேர்ந்தது. அந்தப் பாடலிலிருந்து தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். புகழின் உச்சியில் இருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால், நேற்று தொடங்கிய குழுவின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. தளங்களும் நிரந்தரமல்ல. இசைக்குழுக்களின் தாய்வீடாக விளங்கிய மைஸ்பேஸ், 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட இசைக்கோப்புகளை சர்வர் மாற்றத்தில் இழந்துவிட்டதாக 2019இல் தெரிவித்தது. இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூன் 29 அன்று தடை செய்யப்பட்டது; அதை நம்பி ரசிகர்களைச் சேர்த்தவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஆகவே மூலப் பதிவின் பிரதிகளையும் ரசிகர்களின் மின்னஞ்சல் பட்டியலையும் உங்களிடமே வைத்திருங்கள்.

சட்டம் கலைஞர் பக்கம்தான் நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு உருவான அந்த நேரமே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் வரிக்கு எழுதியவரும் மெட்டுக்கு இசையமைத்தவரும் உரிமையாளர் என்றால், ஒலிப்பதிவுக்கோ அதை முன்னின்று பொறுப்பேற்று உருவாக்கிய தயாரிப்பாளரே உரிமையாளர். ஸ்டுடியோ செலவை ஏற்ற நண்பர் நாளை உரிமை கோருவது இந்த இடத்தில்தான். உரிமையை மாற்றித்தரும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அதில் காலம் சொல்லப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுப்பதாக லேபிளுக்கு எழுதித்தந்தாலும் அது செல்லாது. அந்த ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் அவர்கள் உறுப்பினராகச் சேரலாம்.

“நண்பர்களுக்குள் கையெழுத்தா? பணமே வராத பாட்டுக்கு ஒப்பந்தம் எதற்கு?” என்று கேட்பார்கள். பணம் வராத காலத்தில்தான் நியாயமாகப் பங்கு பிரிக்க முடியும்; பணம் வந்தபின் ஒவ்வொருவர் நினைவும் ஒவ்வொன்றைச் சொல்லும். ஒரு பக்கத் தாள் நட்பைச் சந்தேகிப்பதில்லை, அதைக் காப்பாற்றுகிறது. குழுவின் பெயர் யாருக்கு, ஒருவர் விலகினால் என்ன, சேனலின் கடவுச்சொல் யாரிடம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பெயரை வணிகச் சின்னமாகப் பதிவது இன்னும் நல்லது.

“காசு செலவழிக்காமல் யார் கேட்பார்கள்?” என்பது அடுத்த கேள்வி. தளங்களிலேயே முறையாக விளம்பரம் செய்வதில் தவறில்லை. ஆனால், ‘ஆயிரம் ரூபாய்க்குப் பத்தாயிரம் ஃபாலோயர்’ என்று வருபவர்கள் தருவது போலிக் கணக்குகளை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்ட பாட்டுக்குத்தான் ராயல்டி உண்டு. அந்த எண்ணிக்கையை எட்டப் போலி ஸ்ட்ரீம் வாங்கினால் அபராதமும் பாட்டு நீக்கமும் வரலாம். இணையத்தில் வாங்கும் பீட்டுகளிலும் கவனம் தேவை: அதே பீட் பலருக்கும் விற்கப்பட்டிருக்கலாம். யூடியூப்பில் 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும்.

உங்கள் பாட்டை வேறொருவர் தன் பெயரில் ஏற்றினால், முதலில் இணைப்பு, தேதி, திரைப்பிரதி ஆகியவற்றைச் சேகரியுங்கள். பிறகு அந்தத் தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். பதிப்புரிமை விதிகளின்படி எழுத்தில் முறையாகப் புகார் தந்தால், அதில் திருப்தியடையும் தளம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணை பெறாவிட்டால் அது திரும்ப வந்துவிடலாம். தளத்தின் குறைதீர் அதிகாரி தரும் பதில் திருப்தி தராவிட்டால், மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் செல்லலாம். உங்கள் கணக்கைப் பறித்துப் பணம் கேட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். தெரிந்தே செய்யும் பதிப்புரிமை மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. இந்த வழிகள் எல்லாவற்றிலும் உங்களிடம் கேட்கப்படுவது ஆதாரம். இசைக்கோர்வை ஒன்றைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிய 500 ரூபாய்தான் கட்டணம். அடுத்த பாட்டின் விளம்பரச் செலவுக் கணக்கில் அந்த ஐந்நூறு ரூபாயை முதல் வரியாக எழுதுங்கள்.