கடை பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும்?

2012-இல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்ததை வணிகப் பெருமக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் பல கடைகளுக்கு இன்வெர்ட்டர் வந்து சேர்ந்த காலம் அது. இன்று அந்த அளவுக்கு மின்வெட்டு இல்லை. ஆனால் 2016 டிசம்பரில் வர்தா புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. அப்படிப்பட்ட நாளில் பேட்டரி கைவிட்டால், இத்தனை ஆண்டும் அதற்குப் போட்ட பணம் வீண்தான்.

எந்த வேலைக்கு எந்த பேட்டரி?

காசிமேட்டு விசைப்படகைப் பாருங்கள். எஞ்சினைக் கிளப்பச் சில விநாடிகளுக்கு மிகுந்த மின்சாரம் வேண்டும். விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நெடுநேரம் வேண்டும். முன்னதற்கு மெல்லிய ஈயத் தகடுகள் கொண்ட பேட்டரி ஏற்றது; பின்னதற்குத் தடித்த தகடுகள் கொண்டது. கார், வேன் பேட்டரி முதல் வகை. விலை மலிவு என்று அதை இன்வெர்ட்டரில் மாட்டினால் ஓரிரு ஆண்டில் படுத்துவிடும்.

நமது ஊர் வெப்பத்தில், ஒழுங்காகப் பராமரித்தால், ஏறக்குறைய எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் இது:

தட்டைத் தகடு வகை: 3 முதல் 4 ஆண்டு.
டியூபுலர்: 5 முதல் 7 ஆண்டு.
பில் போடும் கம்ப்யூட்டரின் யு.பி.எஸ்.ஸில் உள்ள, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகை: 2 முதல் 3 ஆண்டு.
லித்தியம்: 8 முதல் 10 ஆண்டு. முதலில் விலை அதிகம். அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும்.

ஆயுளைக் குறைப்பவை

முதலாவது, முழுவதும் காலியாக விடுவது. ஈய பேட்டரியைப் பாதியளவோடு நிறுத்திப் பயன்படுத்தினால் அதிக நாள் உழைக்கும். காலியான பேட்டரியைச் சார்ஜ் ஏற்றாமல் சில நாள் போட்டு வைத்தால் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். பிறகு பழைய பலம் வராது.

ஒரு கணக்கு: 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது. பாதி 900. இன்வெர்ட்டரில் வீணாவது போக சுமார் 750 கிடைக்கும். 20 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, 75 வாட் மின்விசிறி இரண்டு, தராசும் பில் இயந்திரமும் 20 வாட். ஆக 250 வாட். மூன்று மணி நேரம் தாராளமாக ஓடும். குளிர்சாதனப் பெட்டியையும் அதில் சேர்த்தால் இந்தக் கணக்கு அடிபட்டுவிடும்.

இரண்டாவது, வெப்பம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அரிசி மூட்டைகளுக்கு நடுவே காற்றில்லாத மூலையில் பேட்டரியை வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது தீப்பற்றும் வாயு வெளியாவதால், சாமி படத்துக்குக் கீழே, கற்பூரம் ஏற்றும் இடத்தில் வைப்பது ஆபத்து. 2015 வெள்ளத்தைக் கண்டவர்கள் தரையை விட்டு உயரமான பலகையில் வைப்பார்கள்.

மூன்றாவது, தண்ணீர். மின்வெட்டு இல்லாவிட்டாலும் பேட்டரி சார்ஜிலேயே இருப்பதால் தண்ணீர் வற்றும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது.

வாங்கும்போது

உத்தரவாத அட்டையில் "36+24" என்றிருந்தால், முதல் 36 மாதம் பழுதானால் புதிது இலவசம். அடுத்த 24 மாதம் விலையில் ஒரு பங்கு தள்ளுபடி மட்டுமே. இரண்டையும் கூட்டி ஐந்தாண்டு இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். பில்லில் தேதியும் பேட்டரியின் வரிசை எண்ணும் இருக்கட்டும். பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அமிலத்தைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

ஐப்பசி அடைமழைக்கு முன் ஒரு மதியம், வியாபாரம் குறைந்த நேரத்தில், மெயின் சுவிட்சை ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். விளக்கு மங்கினால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிடலாம். புயலடிக்கும் இரவில் தெரிந்துகொள்வதைவிட அன்றைக்கே தெரிந்துகொள்வது லாபம்.