ஹெர்பிஸ் இரத்தப் பரிசோதனையை எவ்வளவு நம்பலாம்?

உதட்டோரம் கொத்தாகக் கிளம்பி எரியும் சிறு கொப்புளங்கள் பெரும்பாலும் ஹெர்பிஸ் முதல் வகை வைரசால் வருபவை. பிறப்புறுப்பில் இரண்டாம் வகைதான் அதிகம். முதல் வகையும் அங்கே வரலாம். இலங்கையின் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பதிவாகும் நோய்களுள் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் முன்வரிசையில் நிற்கிறது.

இரத்தப் பரிசோதனை இந்த வைரசைத் தேடுவதில்லை. வைரஸ் நரம்பு முடிச்சுகளுக்குள் பதுங்கிக் கிடக்கும். அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஐ.ஜி.ஜி. பிறபொருளெதிரிகளையே பரிசோதனை அளக்கிறது. அவை போதிய அளவு சேர 12 வாரங்கள் வரை ஆகலாம். அதற்கு முன் ‘இல்லை’ என்று வரும் அறிக்கையை வைத்து நிம்மதி அடைய முடியாது.

‘உண்டு’ என்பதிலும் சிக்கல் இருக்கிறது. பரவலாகப் பயன்படும் இரண்டாம் வகைப் பரிசோதனையில் அளவு 1.1ஐத் தாண்டினாலே தொற்று உண்டு என்று அறிக்கை வரும். ஆனால் 3க்குக் கீழே உள்ள அளவுகளில் பல தவறானவை; வேறொரு முறையில் உறுதி செய்தாக வேண்டும். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ நிபுணர் குழு 2016இல் இதைக் கணக்கிட்டுக் காட்டியது. ஒரு இலட்சம் பேரில் 15,000 பேருக்குத் தொற்று இருந்தால், பரிசோதனை அவர்களில் 14,850 பேரைச் சரியாகப் பிடிக்கும். தொற்றே இல்லாத 85,000 பேரில் 16,150 பேருக்கும் ‘உண்டு’ என்று சொல்லிவிடும். அதாவது, ‘உண்டு’ என்று வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோயில்லை! அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று அக்குழு 2023இலும் உறுதிப்படுத்தியது.

சரியான முடிவாகவே இருந்தாலும், தொற்று எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. ஒரு தாளைக் காட்டிக் கணவன் மனைவி ஒருவரையொருவர் குற்றம்சாட்டுவதற்கு அதில் ஆதாரம் இல்லை.

கொப்புளம் இருக்கும்போது அதிலிருந்தே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, பி.சி.ஆர். முறையில் வைரசைத் தேடுவதுதான் நம்பகமான வழி. புண் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டால் வைரஸ் அகப்படுவது கடினம். ஆகவே கொப்புளம் கண்டதும் தாமதிக்காமல் பாலியல் நோய் சிகிச்சை நிலையம் ஒன்றுக்குச் செல்லுங்கள்; தலைமன்னாரில் இருப்பவர்கள் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையின் பாலியல் நோய் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அரச சிகிச்சை இலவசம். விபரங்கள் இரகசியமாகவே இருக்கும். கர்ப்பிணிகள் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றாமல் காக்க வழியுண்டு. வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம், ஒற்றை எண்ணைப் பார்த்து மனமுடையவும் வேண்டாம்.