மண் மூடிய ஊர், மறையாத மரபு



சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், லோட்சென்டால் என்னும் மலைப்பள்ளத்தாக்கில் இருந்த சிற்றூர் பிளாட்டன். அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 300 பேர். தலைமுறைகளாகக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்ந்தவர்கள்.

2025 மே மாதத்தில், ஊருக்கு மேலிருந்த மலையிலிருந்து பாறைகள் சரிந்து பிர்ச் பனியாற்றின் மீது குவிந்தன. ஆபத்தை உணர்ந்த அதிகாரிகள் மே 19 அன்று மக்களை வெளியேற்றினர். கால்நடைகளும் காப்பாற்றப்பட்டன. மே 28 அன்று பாரம் தாங்காமல் பனியாறு உடைந்து விழுந்தது. ஊரின் 90 விழுக்காடு பனியாலும் பாறையாலும் மூடப்பட்டது. லொன்சா ஆறு தடைபட்டு ஏரியாகி, எஞ்சிய வீடுகளையும் மூழ்கடித்தது. ஒருவர் உயிரிழந்தார்.

இது யாருடைய பாவத்திற்குத் தண்டனை? இப்படிக் கேட்க நமக்கு உரிமையில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று இயேசு ஆண்டவர் தெளிவுபடுத்தினார் (லூக்கா 13).

அப்படியானால், அம்மக்களின் பாரம்பரியம் மண்ணுக்குள் போய்விட்டதா? லோட்சென்டாலில் கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவன்று, பழைய படைவீரர் சீருடையில் ஆண்கள் நற்கருணைப் பவனியில் அணிவகுப்பார்கள். அந்நிய நாட்டுப் படைகளில் பணியாற்றித் திரும்பிய முன்னோரின் நினைவு அது. ஆண்டவரைக் கோவிலில் அர்ப்பணித்த விழாவுக்குப் பின், திருநீற்றுப் புதனுக்கு முன்வரை, மரத்தில் செதுக்கிய முகமூடியும் ஆட்டுத்தோலும் அணிந்து, இடுப்பில் மணி கட்டி இளைஞர்கள் தெருக்களில் வலம் வருவார்கள். 'செகெட்டா' என்பது அவர்களின் பெயர்.

சீருடையும் முகமூடியும் புதைந்து போகலாம். ஆனால் அவற்றைத் தைக்கவும் செதுக்கவும் தெரிந்த கைகள் இருக்கின்றன. பவனியில் எங்கே நிற்பது என்று மகனுக்குச் சொல்லித்தரும் தந்தை இருக்கிறார். மரபு வாழ்வது அங்கேதான். வீடிழந்தோருக்குப் பக்கத்து ஊரார் கதவு திறந்தார்கள். பிளாட்டன் மக்களோ தம் ஊரை மீண்டும் கட்ட உறுதிபூண்டுள்ளனர்.

நம் பங்குகளில் ஆலயம் கட்டக் காட்டும் ஆர்வத்தை, செபமும் திருவழிபாடும் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவதில் காட்டுகிறோமா? நாளை நம் ஆலயம் இல்லாமல் போனால், நம்மிடம் எஞ்சுவது எது? இன்று நம் குடும்பங்களில் அதைச் சிந்திப்போம். பிளாட்டன் மக்களுக்காகவும் செபிப்போம்.