எங்கேயோ பார்த்த முகம்

பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரை நமக்கு நிச்சயம் தெரியும். யார், எங்கே பார்த்தோம் என்பதுதான் பிடிபடவில்லை. யோசித்து யோசித்து, கடைசியில் பொறி தட்டுகிறது: அட, நம்ம கறிக்கடைக்காரர்! உளவியலாளர் ஜார்ஜ் மேண்ட்லர் 1980-இல் சொன்ன உதாரணம் இது.

ஒன்றை அடையாளம் காணும்போது மூளையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. 'இது பழக்கப்பட்டது' என்ற உணர்வு ஒன்று. எப்போது, எங்கே, யாரோடு என்ற விவரங்களோடு நினைவு திரும்பி வருவது இன்னொன்று. விவரங்களை மீட்டுத் தருவதில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு. பழக்க உணர்வு, அதை ஒட்டியிருக்கும் பெரிரைனல் புறணியைச் சார்ந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

வயதாக ஆக விவர நினைவு தளரும். பழக்க உணர்வு பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். இது இயல்பு. வயதுக்கு மீறி மறதி கூடியும், வங்கிக்குப் போவது, சமைப்பது போன்ற அன்றாட வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்ள முடிகிற நிலையை 'லேசான அறிவாற்றல் குறைபாடு' என்கிறார்கள். இவர்களிடம் விவர நினைவு வெகுவாகவே அடிவாங்குகிறது. பழக்க உணர்வு சிலரிடம் நிற்கிறது, சிலரிடம் அதுவும் ஆட்டம் காண்கிறது. படித்த சொற்களைவிடப் பார்த்த படங்களை இவர்கள் எளிதாக அடையாளம் காண்பதும் உண்டு.

நினைவுப் பரிசோதனையில் சில சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். வராவிட்டால், 'அது ஒரு பழம்' என்பதுபோலக் குறிப்புக் கொடுப்பார்கள். பிறகு புதிய சொற்களோடு கலந்து, 'இது முன்பு சொன்னதா?' என்பார்கள். குறிப்புக் கிடைத்ததும் 'மாம்பழம்!' என்று சொல்லிவிட்டால், சொல் பதிந்திருக்கிறது, எடுப்பதில்தான் சிரமம் என்று பொருள். குறிப்பும் உதவாமல், சொல்லாத சொல்லுக்கும் 'ஆமாம்' என்றால், பதிவதிலேயே சிக்கல் இருக்கலாம். அதை மருத்துவர் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்.

விவர நினைவு தளர்வதன் விளைவு வீட்டில் மாத்திரை விஷயத்தில் தெரியும். "போட்டாச்சும்மா" என்கிறார் அப்பா. அவர் பொய் சொல்லவில்லை. தினமும் கையில் எடுக்கும் அட்டை. பார்த்ததும் போட்டுக்கொண்ட உணர்வு வந்துவிடுகிறது. அது இன்றா, நேற்றா என்று பிரித்துச் சொல்ல வேண்டிய விவரம்தான் வரவில்லை. இதற்கு வாக்குவாதம் உதவாது. கிழமை வாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டி உதவும்: செவ்வாய்க்கிழமை அறை காலியா இல்லையா என்று கண்ணே சொல்லிவிடும்.

விருந்தாளி வந்தால், "யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று சோதிக்க வேண்டாம். "அப்பா, மதுரை சித்தி மகன் வந்திருக்கான்" என்று சொன்னால், பேச்சு தானாகத் தொடரும்.

லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ள எல்லோருக்கும் டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்துவிடுவதில்லை. பலர் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கிறார்கள். சிலர் இயல்பு நிலைக்கும் திரும்புகிறார்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, காது மந்தம் ஆகியவையும் மறதியைக் கூட்டும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். ஆகவே, 'வயசானா மறதி சகஜம்' என்று விட்டுவிடாமல், நரம்பியல் மருத்துவரையோ முதியோர் மருத்துவரையோ பாருங்கள். போகும்போது எதை மறக்கிறார், குறிப்புச் சொன்னால் நினைவு வருகிறதா என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அது உதவும்.