அளவு நாடா பிடித்த மாணாக்கர்

1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் ஐக்கிய அமெரிக்காவிலே கட்டட வேலைகள் பெரும்பாலும் நின்றுபோயின. வரைபடம் வரையும் கலைஞர் பலர் தொழிலின்றி வாடினர். அவ்வேளையில், 1933 நவம்பர் 13ஆந் திகதி, தேசியப் பூங்காச் சேவையில் உத்தியோகம் பார்த்த சார்ள்ஸ் பீற்றர்சன் என்பவர் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு யோசனையைச் சமர்ப்பித்தார். பழைய கட்டடங்கள் தீயாலும் மழையாலும் இடிப்பவராலும் நாள்தோறும் அழிகின்றன. வேலையற்ற கலைஞருக்குச் சம்பளம் கொடுத்து அவற்றை அளந்து வரையச் செய்யலாம் என்பதே அந்த யோசனை. சில வாரங்களுள் அரசாங்கம் இணங்கியது. அமெரிக்க வரலாற்றுக் கட்டட அளவீட்டுத் திட்டம் இவ்வாறு பசிக்கு மருந்தாகவே பிறந்தது.

உலகப் போரால் அவ்வேலை தடைப்பட்டது. போருக்குப் பின்னரோ நிலைமை தலைகீழாயிற்று. தேர்ந்த கலைஞருக்கு இப்பொழுது வேலைக்குக் குறைவில்லை. நெடுஞ்சாலைகளுக்கும் புதிய மாளிகைகளுக்கும் வழிவிட்டுப் பழைய கட்டடங்கள் முன்னிலும் விரைவாக மறைந்தன. அளப்பதற்கு ஆள் வேண்டுமே! 1950ஆம் ஆண்டுகளிற் பீற்றர்சன் சர்வகலாசாலை மாணாக்கரை நாடினார். கோடை விடுமுறையிலே, பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் மேற்பார்வையில், சிறு சிறு குழுக்களாக அவர்கள் சம்பளத்துடன் பணியாற்றினர்.

அவர்கள் செய்த வேலை பார்வைக்கு எளியது, செய்கையில் அரியது. பழைய வீடுகளின் மூலைகள் மூலைமட்டத்துக்கு இசைவதில்லை. ஆகவே நான்கு சுவர்களை அளந்தபின் குறுக்கே இரு மூலைவிட்டங்களையும் அளப்பர். எதிர்ச் சுவர்கள் ஒத்திருந்தும் மூலைவிட்டங்கள் ஒவ்வாவிடின் அறை கோணலென்பது வெளிப்படும். சுவர் சாய்ந்துள்ளதா என்பதைத் தூக்குக்குண்டு காட்டும். கதவு, சாளரம் என ஒவ்வொன்றாக அளந்து கூட்டினாற் சிறு பிழைகள் சேர்ந்து பெரும் பிழையாகும். அதனால் நாடாவின் நுனியை ஓரிடத்திற் பிடித்தபடியே எல்லா அளவுகளையும் தொடர்ந்து வாசிப்பர். தூசி நிறைந்த கூரைக்கடியில் ஒருவர் படுத்துக் கிடந்து எண்களைக் கூவ, மற்றவர் பென்சிலாற் குறிப்பார். பின்னர் ஐந்நூறு ஆண்டு நிலைக்கத்தக்க தாளிலே மையினால் வரைய வேண்டும். ஐந்நூறு ஆண்டு என்பது நாம் அலங்காரமாகச் சொல்வதன்று. அத்திட்டத்தார் விதித்த அளவே அது.

இந்நாளில் லேசர்க் கருவிகள் விரைவாக அளந்து விடுகின்றன. எனினும், எந்த வாயில் பிற்காலத்தில் அடைக்கப்பட்டது, எந்த உத்திரம் வேறொரு வீட்டிலிருந்து வந்தது என்பதைக் கண்டுகொள்ளப் பழகிய கண்ணும் கையும் வேண்டும்.

கட்டடத்தைக் காவாது படம் மட்டும் வரைந்து என்ன பயன் என்று கேட்கலாம். நோயாளியைப் படம் பிடித்துவிட்டு வைத்தியம் செய்யாது விடுவது போன்றதென நாமும் எண்ணியதுண்டு. ஆனால் றிச்சட் நிக்கலின் வரலாறு வேறு விதமாகச் சிந்திக்க வைக்கிறது. 1950ஆம் ஆண்டுகளில் சிக்காகோ நகரில் புகைப்படக் கலை பயின்ற மாணவர் அவர். கட்டடக் கலைஞர் லூயிஸ் சலிவனின் ஆக்கங்களைப் படம் பிடிப்பது வகுப்பு வேலையாக அவருக்குக் கிடைத்தது. வகுப்பு முடிந்தது; வேலை முடியவில்லை. 1961இல் சலிவனின் கரிக் நாடகசாலை இடிக்கப்பட்டபோது, எதிர்த்து நின்றோருள் நிக்கலும் ஒருவர். தடுக்க இயலாதபோது அதன் சிற்ப அலங்காரங்களைப் பெயர்த்துக் காத்தார். 1972 ஏப்ரல் 13ஆந் திகதி, இடிபட்டுக்கொண்டிருந்த பழைய பங்குச் சந்தைக் கட்டடத்துள் தனியே சென்றவர் மீது ஒரு பகுதி சரிந்து வீழ்ந்தது. ஏறக்குறைய நான்கு வாரங்களின் பின்னரே அவர் உடல் கிடைத்தது. அக்கட்டடத்திலிருந்து மீட்கப்பட்ட பகுதிகளைக் கொண்டு அதன் வணிகக்கூடம் சிக்காகோ கலை நிலையத்தில் மீண்டும் அமைக்கப்பட்டது. இன்று அங்கே செல்வோர் அதனுள் நின்று பார்க்கலாம்.

எந்த மாணவரும் உயிரைப் பணயம் வைக்கலாகாது. முறையான பயிற்சியின் தேவையையே இத்துயரம் உணர்த்துகிறது. 1959இல் உரோமாபுரியில் யுனெஸ்கோவின் முயற்சியால் சர்வதேசப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் தொடங்கிற்று. 1964இல் நியூயோர்க்கின் கொலம்பியா சர்வகலாசாலையில் ஜேம்ஸ் மாஸ்ரன் பிச் இத்துறைக்கெனப் பட்டப்பின் படிப்பொன்றை ஏற்படுத்தினார். உபகாரச் சம்பளங்களும் உதவியாளர் பதவிகளும் பல நாடுகளில் அதன்பின் பெருகின. ஆயினும் வேதனமில்லாப் பயிற்சியையே தரும் இடங்களும் உள. இதை நாம் ஒப்பமாட்டோம். மூன்று மாதம் ஊதியமின்றி வேலை செய்ய வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே இயலும். தந்தையின் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இயலாது. பீற்றர்சனின் யோசனை சம்பளத்திலிருந்தே தொடங்கியதை அத்தகையோர் நினைவிற் கொள்வார்களாக.

1983 முதல் பீற்றர்சனின் பெயராலேயே மாணாக்கரின் அளவு வரைபடங்களுக்குப் பரிசு வழங்கலாயினர். அவ்வரைபடங்களும் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூல்நிலையத்தைச் சேர்கின்றன. 40,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் முதலியவற்றின் பதிவுகள் அங்கே உள. விரும்பியவர் எவரும் கட்டணமின்றிப் பார்வையிடலாம். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சிறு எழுத்தில் ஒரு பெயர் காணப்படும். அது கட்டியவரின் பெயருமன்று, வீட்டுக்காரரின் பெயருமன்று, வரைந்தவரின் பெயர்.