பிரேக் ஆயிலை நீங்களே மாத்தினா லாபமா? ஒரு சின்ன கணக்கு

சிவகிரியில இருந்து தென்காசி, செங்கோட்டை வழியா கேரளா போறவங்களுக்குப் புளியரை வளைவுகள் நல்லாத் தெரியும். குற்றால சீசன், அடுத்து சபரிமலை சீசன்னு வருஷத்துல பாதி நாள் அங்க வண்டி வரிசையாத்தான் நிக்கும். திரும்பி வரும்போது இறக்கம் முழுக்க பிரேக்ல கால் இருக்கும். அந்தச் சூடு நேரா பிரேக் ஆயிலுக்குத்தான் போகுது.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. அதுல 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா 155 டிகிரியே போதும். கொதிச்சா ஆவி, ஆவி அமுங்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். அதனாலதான் பல கம்பெனிகள் 2 வருஷத்துக்கு ஒருமுறை மாத்தச் சொல்றாங்க. சாதாரண கார் இன்சூரன்ஸ் தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் கோளாறுக்கும் பணம் தராது, ஞாபகம் வெச்சுக்கோங்க.

சரி, வீட்லயே செஞ்சா மிச்சமா? கூலி 600 ரூபாய்னு வெச்சுக்குவோம். ஜாக் ஸ்டாண்ட், ஸ்பேனர், டியூப் எல்லாம் சேர்த்து 3,000. முதல் திரும்ப 5 முறை செய்யணும், அதாவது சுமார் 10 வருஷம்! தனி ஆளுக்கு இது சேமிப்பே இல்லை. மூணு நண்பர்கள் சேர்ந்து வாங்கினா அடுத்த ரவுண்டுலயே முதல் வந்துடும். என்னைக் கேட்டா, உண்மையான லாபம் வேற: பில்லுல மட்டும் இல்லாம வண்டியிலயும் ஆயில் மாறியிருக்குன்னு உங்க கண்ணாலயே பார்க்கலாம்.

வேலைக்கு ரெண்டு பேர் வேணும். சமதளம், ஸ்டாண்ட் மேல வண்டி. வெறும் ஜாக்கை நம்பிக் கீழே போகாதீங்க. பிளீடர் நிப்பிள்ல டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் இருக்கிற பாட்டில்ல முக்குங்க. ஒருத்தர் பெடலை மெதுவா மிதிச்சுப் பிடிக்கணும். நீங்க நிப்பிளைக் கால் சுத்து திறந்து, குமிழி வந்ததும் மூடணும். மூடின பிறகுதான் அவர் காலை எடுக்கணும். இந்த வரிசை மாறினா காத்து உள்ள போயிடும். குமிழி நின்னு புது நிறம் வரும்வரை இதேதான். எந்தச் சக்கரம் முதல்லன்னு உங்க மேனுவல் சொல்லும். மேல டப்பா காலியாகவே கூடாது. பழைய வண்டின்னா பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைங்க. தரை வரைக்கும் மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் சீல் கிழியலாம்.

கிளட்சுக்கும் இதே முறைதான், கியர் பாக்ஸ் பக்கம் ஒரே ஒரு நிப்பிள். பெடல் தானா மேல வரலைன்னா கையால தூக்குங்க. ஆனா பல சின்ன கார்கள்ல கேபிள் கிளட்ச்தான், அங்க இந்த வேலையே கிடையாது.

நிப்பிள் துருப்பிடிச்சு இறுகியிருந்தா பலம் காட்டாதீங்க. உடைஞ்சா காலிபர் செலவு, பத்து வருஷக் கூலியும் ஒரே நாள்ல போயிடும். ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள காத்து புகுந்திருந்தா சில வண்டிகளுக்கு ஸ்கேன் டூல் தேவைப்படும். அப்போ மெக்கானிக்கிட்டயே கொடுத்துடுங்க. பெயின்ட்ல ஆயில் சிந்தினா உடனே தண்ணி ஊத்துங்க. பழைய ஆயிலை வாய்க்கால்ல கொட்டாம, மூடி போட்டு ஒர்க்‌ஷாப்ல கொடுங்க.

முடிச்சதும் இன்ஜினை ஆன் பண்ணி பெடலை அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. மெல்ல கீழே இறங்கிட்டே போச்சுன்னா, அன்னிக்கு வண்டி தெருவுக்கே போகக் கூடாது.