ஒரு கையெழுத்துக்கு 5 டாலர்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வாக்கர் கவுண்டி என்று ஒரு பகுதி. 1973-ல் அங்கே பதவிக்கு வந்த உள்ளூர் நீதிபதி ஒருவருக்குச் சம்பளம் கிடையாது. போலீஸ் நீட்டும் வாரண்ட்டில் கையெழுத்துப் போட்டால் 5 டாலர் கிடைக்கும். முடியாது என்று திருப்பி அனுப்பினால் காலணாகூடக் கிடைக்காது. சில ஆண்டுகளுக்குள் கைதுக்கும் சோதனைக்குமாகச் சுமார் 10,000 வாரண்ட்டுகள் அவர் மேஜையிலிருந்து கிளம்பின.

அதில் ஒன்றைக் காட்டி ஒரு வீட்டில் நுழைந்த போலீஸ், கஞ்சாவைக் கைப்பற்றியது. வீட்டுக்காரர் விடவில்லை, வழக்கு வாஷிங்டன் வரை போனது. முடிவில் பணத்தைக் கண்ணில் காட்டி வாங்கிய அந்த உத்தரவு அரசியலமைப்புக்கு விரோதமானது என்று 1977 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கையெழுத்துப் போடுவதில் ஆதாயம் உள்ளவர் நடுநிலையாளர் ஆக முடியாது என்பதே காரணம்.

வீட்டுக்குள் நுழையும் போலீஸுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு என்பது ஊரறிந்தது. அதற்கு அனுமதி தருகிற மாஜிஸ்திரேட்டுக்கும் கடிவாளம் உண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இந்தக் கடிவாளத்தின் வேர், அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலத்தில் இருக்கிறது. அன்று பிரிட்டிஷ் சுங்க அதிகாரிகளிடம் ஒரு பொது ஆணை இருக்கும். எந்த வீடு, என்ன பொருள் என்று அதில் ஒரு வரியும் இருக்காது. ஆண்டுகொண்டிருக்கும் அரசர் இறந்த பிறகும் ஆறு மாதம் செல்லும். 1760-ல் இரண்டாம் ஜார்ஜ் இறந்ததும் அந்த ஆணைகளைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. பாஸ்டன் வணிகர்களுக்காக வழக்கறிஞர் ஜேம்ஸ் ஓட்டிஸ் 1761-ல் எதிர்த்து வாதாடித் தோற்றார். ஆனால் 1791-ல் வந்த நான்காவது அரசியலமைப்புத் திருத்தம், வாரண்ட்டுக்குத் தகுந்த காரணமும் சத்தியப் பிரமாணமும் வேண்டும், எந்த இடம், என்ன பொருள் என்று குறிப்பாக எழுத வேண்டும் என்று விதித்தது.

அந்த வாரண்ட்டை யார் தருவது? நியூ ஹாம்ப்ஷயரில் 1964-ல் 14 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். விசாரணைக்குத் தலைமை தாங்கிய மாநில அட்டர்னி ஜெனரலுக்கே, அம்மாநிலச் சட்டப்படி, வாரண்ட் கொடுக்கும் அதிகாரமும் இருந்தது. சந்தேக நபரின் காரைச் சோதனையிட அவரே கையெழுத்திட்டார். காரை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்த தூசு, சாட்சியமாக நின்றது. பின்னர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வாதத்தை நடத்தியதும் அவர்தான். 1971-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. துப்புத் துலக்குபவரே அனுமதியும் வழங்கினால், இடையில் நீதிபதி எதற்கு?

இதைவிட விசித்திரம் நியூயார்க் மாநிலத்தில் நடந்தது. ஆபாசப் புத்தகக் கடை ஒன்றில் போலீஸ் வாங்கி வந்த இரண்டு படச்சுருள்களைப் பார்த்த உள்ளூர் நீதிபதி, சோதனைக்கு ஒப்புதல் தந்ததோடு நிற்காமல் போலீஸ் படையோடு கடைக்கே கிளம்பிவிட்டார். அங்கே ஓடிய படங்களைப் பார்த்தார், பத்திரிகைகளைப் புரட்டினார், ‘இதை எடு, அதை எடு’ என்று முடிவு செய்தார். சோதனை ஏறத்தாழ 6 மணி நேரம் நீண்டது. கிளம்பும்போது 2 பக்கமாக இருந்த வாரண்ட், பொருள்களின் பட்டியல் சேரச் சேர 16 பக்கமானது. அவர் நீதிபதியாக நடக்கவில்லை, சோதனைப் படையில் ஒருவராகிவிட்டார் என்று 1979-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் கணக்கு வேறு. சோதனையைத் தன் முன்னிலையிலேயே நடத்தச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு 1973-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 103-வது பிரிவு இடம் கொடுத்தது. விசாரணைக்கு உதவும் என்று நீதிமன்றம் கருதினால் ‘பொதுவான தேடுதல்’ நடத்த 93-வது பிரிவு வழிவிட்டது. அமெரிக்க நான்காவது திருத்தம் போன்ற உரிமை நம் அரசியலமைப்பில் இல்லை என்று டால்மியா நிறுவன வழக்கில் 1954-ல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் 8 நீதிபதிகள் கூறினர். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் 2017-ல் அதைத் திருத்தினாலும், அந்த நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் பொதுவான தேடுதல் தொடர்கிறது.

படிக்காமல் போடுகிற கையெழுத்தும் உண்டு. அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டில் கையெறி குண்டுகளும் ராக்கெட் லாஞ்சரும் இருப்பதாகப் புகார். மனுவில் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. வாரண்ட் படிவத்திலோ, பறிமுதல் செய்ய வேண்டிய பொருள்களை எழுத வேண்டிய கட்டத்தில் அந்த மாடி வீட்டின் வர்ணனையே இருந்தது. எழுத்தில் உள்ளபடி பார்த்தால் வீட்டையே பறிமுதல் செய்ய வேண்டும்! மாஜிஸ்திரேட் கவனிக்காமல் கையெழுத்திட்டார். சோதனையில் சட்டவிரோதமாக எதுவும் சிக்கவில்லை. அந்த வாரண்ட் செல்லாது, அதை எழுதிக் கொண்டுபோன அதிகாரிமீது வழக்கு நடக்கலாம் என்று 2004-ல் தீர்ப்பானது. கையெழுத்திட்டவரிடம் நஷ்ட ஈடு கேட்க முடியாது. நீதிபதிகளுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு.

தவறான வாரண்ட்டில் கிடைத்த சாட்சியம் தூக்கியெறியப்படும் என்பதும் இப்போது நிச்சயமில்லை. போலீஸ் நல்லெண்ணத்தோடு வாரண்ட்டை நம்பியிருந்தால், அது பின்னால் செல்லாமல் போனாலும் சாட்சியம் நிற்கும் என்று 1984-ல் லியோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. சாட்சியத்தை விலக்குவது போலீஸைத் திருத்துவதற்கு, நீதிபதியைத் தண்டிப்பதற்கு அல்ல என்பது அதன் வாதம். நடுநிலையை அறவே கைவிட்ட நீதிபதி, வெளிப்படையாகவே குறையுள்ள வாரண்ட் போன்ற சில விதிவிலக்குகளை மட்டும் அது விட்டுவைத்தது.

2015-ல் இந்த நல்லெண்ண விதி சோதனைக்கு வந்தது. குழந்தைகளைப் பாலியல் வன்கொடுமை செய்யும் படங்களைப் பரப்பிய ‘பிளேபென்’ என்ற ரகசியத் தளத்தை எஃப்.பி.ஐ. கைப்பற்றி இரண்டு வாரம் நடத்தியது. உள்ளே வருபவர்களின் கணினிகளை மென்பொருள் மூலம் அடையாளம் காண, வர்ஜீனியாவின் மாஜிஸ்திரேட் ஒருவர் ஒரே ஒரு வாரண்ட் கொடுத்தார். அன்றைய விதிப்படி அவர் அதிகாரம் பெரும்பாலும் தன் மாவட்ட எல்லையோடு முடிந்துவிடும். மென்பொருளோ ஆயிரக்கணக்கான கணினிகளைத் தொட்டது. எல்லை மீறல்தான் என்று பல நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டன. ஆனால் நல்லெண்ண விதியைக் காட்டிச் சாட்சியத்தை ஏற்றன. 2016 டிசம்பர் 1-ல் விதியும் மாறியது. கணினி இருக்கும் இடம் தொழில்நுட்பத்தால் மறைக்கப்பட்டிருந்தால், குற்றத்தோடு தொடர்புடைய செயல் நடந்த மாவட்டத்தின் மாஜிஸ்திரேட், தன் எல்லைக்கு வெளியே உள்ள கணினியைச் சோதனையிடவும் இன்று கையெழுத்துப் போடலாம்.